பேட்ச் தாளில் இல்லாத நாற்பது நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை, கிரீமைச் சோதிக்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது, கண்ணாடிக் குப்பியின் அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. மேலே கிரீம், கீழே தண்ணீர். சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தது. மூன்றே நாள். இதற்கு முந்தைய பேட்ச்சாவது நான்கு நாள் தாக்குப்பிடித்தது.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குப்பியைத் தூக்கிக்கொண்டு, வெள்ளை அங்கியின் பொத்தானைக்கூடப் போடாமல் கூடத்துக்குள் நுழைந்தேன்.

எங்கள் ஆலை ஒரே ஒரு நீளக் கூடம்தான். ஒரு கோடியில் கிரீம் தயாராகும் பெரிய எஃகுக் கலன், மறுகோடியில் டியூபில் அடைத்து லேபிள் ஒட்டும் மேசை, பக்கவாட்டில் என் லேப். அக்காதான் முதலாளி. கலனைப் பார்த்துக்கொள்வது அக்காவின் கணவர், என் அத்தான். புதுக் கிரீம்களை உருவாக்குவது நான். பேக்கிங்கில் ஆறு பெண்கள். வீட்டுச் சண்டை ஆலைக்கும் ஆலைச் சண்டை வீட்டுக்கும் தடையில்லாமல் போய்வரும்.

கிரீம் என்பது அடிப்படையில் எண்ணெயும் தண்ணீரும்தான். இரண்டும் சேராது. சேர்த்துவைக்க ஒரு பொருள் வேண்டும். புத்தகத்தில் அதன் பெயர் பால்மமாக்கி. எங்கள் கூடத்தில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது, எமல்சிஃபயர் என்றால்தான் புரியும். இத்தனை வருடமாக நாங்கள் போட்டுக்கொண்டிருந்தது ஆலைகளில் ரசாயனமாகச் செய்து வருகிற ஒன்று. எருமைத்தோல் அதற்கு. எவ்வளவு வேகமாக அடித்தாலும், எப்படி ஆறவைத்தாலும் கிரீம் பிரியாது.

ஆனால் தோல் மருத்துவரான ஒரு டாக்டரம்மா எங்களிடம் வேறு மாதிரிக் கேட்டார். நாள் முழுக்கப் பாத்திரம் கழுவி, தரை துடைத்து, கை வெடித்துப்போய் அவரிடம் வருகிறவர்கள் நிறைய. அவர்களில் சிலருக்குப் பழைய கிரீம் எரிகிறதாம். செடியிலிருந்து எடுத்த எமல்சிஃபயரில் செய்து தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று முந்திக்கொண்டு சொன்னவள் நான்தான்.

தேங்காய் எண்ணெயின் கொழுப்பையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்கிற ஒரு மெழுகைப் பிடித்தேன். வெளிர் மஞ்சளில், அப்பளத்தை நொறுக்கியது போல இருக்கும். அதை வைத்து லேபில் செய்த கிரீம் மூன்று மாதமாகச் சூட்டுப் பெட்டியில் அலுங்காமல் உட்கார்ந்திருந்தது. சூட்டுப் பெட்டியில் மூன்று மாதம் தாங்கினால் கடையில் இரண்டு வருடம் தாங்கும் என்பது எங்கள் கணக்கு. அதே பொருள், அதே அளவு, பெரிய கலனில் போட்டால் மட்டும் மூன்று நாளில் பிரிகிறது.

"இது யார் பார்த்த வேலை?" என்று குப்பியை உயர்த்திக் காட்டினேன்.

அத்தான் கலனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் நிற்பார். பேட்ச் ஓடும்போது உட்கார மாட்டார், வெளியே போக மாட்டார், மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடுவார். பேக்கிங் பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'தூண்'.

"மறுபடியும் பிரிஞ்சிடுச்சா?" என்றார்.

"எடையில யாரோ கோட்டை விட்டிருக்காங்க அத்தான். லேப்ல மூணு மாசமா அப்படியே இருக்கு, இங்க வந்தா மூணு நாள்ல தண்ணியா நிக்குது."

"நான் ரெண்டு தடவை எடை போட்டேன்மா."

"போட்டா எப்படிப் பிரியும்? பொருளும் ஒண்ணு, நான் எழுதிக் குடுத்த பேட்ச் தாளும் ஒண்ணு. மாறினது கை மட்டும்தான்!"

லேபிள் மேசையில் சத்தம் நின்றுபோனது. அத்தான் தலைத்தொப்பியைக் கழற்றி, மடித்து, கலனின் மேல் வைத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் பேட்ச்சை விட்டுவிட்டுப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்குப் பேட்ச் எதுவும் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

அக்கா என்னை லேபுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

"அந்த மெழுகு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு பேட்ச்சுக்கு இருக்கு."

"சரி, கடைசியா அதையும் போட்டுப் பாரு. அடுத்த புதன்கிழமை டாக்டரம்மா வர்றாங்க. அதுக்குள்ள பிரிஞ்சா, எங்களால முடியலன்னு நானே சொல்லிடுறேன். பழைய கிரீமே போதும். இந்த ரூமை பேக்கிங்குக்குக் குடுத்துடலாம். நீயும் பழைய கம்பெனிக்கே போ. இங்க கிடந்து ஏன் கஷ்டப்படணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் களைத்துப்போய்ச் சொன்னாள். அன்று மாலையே அட்டைப்பெட்டிகள் லேப் வாசலில் வந்து குவிந்து, நான் பக்கவாட்டில் நுழைந்து போகவேண்டியதாயிற்று.

பழைய கம்பெனியில் எனக்கு நல்ல நாற்காலி இருந்தது. யாரோ செய்த கிரீமுக்கு நிறம் மாற்றுவதும் வாசனை மாற்றுவதும்தான் வேலை. எட்டு வருடம் அதைச் செய்தேன். இந்தக் கிரீம்தான் முதலிலிருந்து கடைசிவரை நான் செய்த முதல் கிரீம். அது கைவிட்டுப் போகிறதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அட்டைப்பெட்டிக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு லேப் கதவு தட்டப்பட்டது. அத்தான் பெட்டிகளுக்கு நடுவே தோளைச் சாய்த்து நுழைந்தார். காதில் பென்சில் செருகியிருந்தது.

"நீ ஒரு தடவை என் முன்னாடி செய்யும்மா. நான் பாக்குறேன்."

"நேத்து நான்..." என்று ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கும் விஷயத்தில் எனக்குத் தொண்டை ஒத்துழைக்காது.

"அது கிடக்கட்டும். நீ செய்."

செய்தேன். ஒரு குவளையில் எண்ணெயையும் மெழுகையும் போட்டு உருக்கினேன். இன்னொன்றில் தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுபத்தைந்து டிகிரியில் இரண்டையும் சேர்த்து, சின்ன மத்தை இறக்கி முழு வேகத்தில் மூன்று நிமிடம் அடித்தேன். எங்கள் மத்து தயிர் கடையும் மத்து இல்லை, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற மின்சார மத்து. பெரிய கலனிலும் அதே வகைதான், உருவம் மட்டும் பெரிது. பால் போல வெள்ளையாகக் கலந்தது. மத்தை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றும் துடுப்பை மாட்டிவிட்டேன். மணி பன்னிரண்டரை. கையைத் துடைத்துக்கொண்டு என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அத்தான் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

"என்னம்மா இது? பேட்ச் ஓடிக்கிட்டிருக்கு, நீ பாட்டுக்குச் சாப்பிட உக்கார்ற?"

"அது பாட்டுக்கு ஓடும் அத்தான். எனக்குப் பசி தாங்காது. நீங்களும் வாங்க, உங்க வீட்டுச் சாப்பாடுதான், அக்கா குடுத்தது."

அவர் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குவளைக்கு முன்னால் குனிந்து நின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்துப் பென்சிலால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். எழுபது. அறுபத்து மூன்று. ஐம்பத்தேழு.

"தண்ணி மாதிரி இருக்கே?"

"இப்ப அப்படித்தான் இருக்கும்."

"மறுபடி எப்ப அடிப்ப?"

"அடிக்க மாட்டேன்."

"குளிர்ந்த தண்ணில எப்ப வைப்ப?"

"எதுக்கு? தானா ஆறும்." கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. "ஏன் அத்தான், நீங்க எப்ப வரைக்கும் அடிப்பீங்க?"

"நான் நிறுத்தவே மாட்டேனே. முப்பத்தஞ்சு டிகிரி வர்ற வரைக்கும் மத்து ஓடும். குளிர்ந்த தண்ணிக் குழாயை முழுசாத் திறந்து விட்டுடுவேன், சட்டுனு ஆறிடும். முதல் தடவை பிரிஞ்சதும், ரெண்டாவது நல்லா வரணுமேன்னு இன்னும் பத்து நிமிஷம் கூடவே அடிச்சேன்."

டப்பாவை மூடினேன். பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

இந்த மெழுகு பழைய எமல்சிஃபயரைப் போல இல்லை. ஆறும்போதுதான் அது எண்ணெய்த் துளிகளைச் சுற்றி அடுக்கு அடுக்காக உட்காருகிறது. அந்த அடுக்குகள்தான் தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன. ஒருத்தி துணி மடித்து அடுக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருத்தர் வந்து கலைத்துக்கொண்டே இருந்தால் எப்படி? அதைத்தான் அத்தானின் மத்து செய்திருக்கிறது. இரண்டாவது பேட்ச்சை அக்கறையாக இன்னும் அதிகமாகக் கலைத்திருக்கிறார். அதனால்தான் அது ஒரு நாள் முன்னாலேயே பிரிந்தது.

"அடிக்கக் கூடாதுன்னு எந்த வரியில எழுதியிருக்க?" என்று கேட்டார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தான் எந்த வரியைப் படிக்காமல் விட்டோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் எழுதிக்கொடுத்த பேட்ச் தாளை எடுத்தேன். பத்தாவது வரி: இரண்டையும் சேர்த்து மத்தால் அடிக்கவும். பதினோராவது வரி: முப்பத்தைந்து டிகிரியில் வாசனை சேர்க்கவும். நடுவில் ஒன்றுமே இல்லை. என் நோட்டுப் புத்தகத்தையும் புரட்டினேன். முப்பத்தெட்டுப் பக்கம், முப்பத்தெட்டு முறை செய்திருக்கிறேன். ஒருமுறைகூட, கிரீம் தானாக ஆறுகிற அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. மத்தை எடுத்துத் துடுப்பைப் போட்டுவிட்டு நான் சாப்பிட்டிருக்கிறேன். சாப்பாட்டை யார் நோட்டில் எழுதுவார்கள்? வேலை நடக்கவில்லை என்று நான் நினைத்த நேரத்தில்தான் வேலையே நடந்திருக்கிறது.

அதே அளவில் இன்னொரு குவளை செய்தேன். இதை அவர் முறைப்படி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து, கடைசிவரை மத்தால் அடித்தேன். வேகமாகச் சுற்றிப் பிரித்துப் பார்க்கிற கருவியில் இரண்டையும் சிறு கண்ணாடிக் குழாய்களில் போட்டு அரை மணி நேரம் சுற்றவிட்டேன். நிறுத்தி எடுத்தபோது, என் குழாயில் வெறும் கிரீம். இன்னொன்றின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

அத்தான் அந்தச் சொட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைராசிதான் சரியில்லன்னு நினைச்சேன்மா. நேத்து ராத்திரி முழுக்க அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதைக் கேட்டபிறகு என் தொண்டை ஒத்துழைத்தது. ஆனால் லேபுக்குள் சொன்னால் போதாது என்று தோன்றியது. கூடத்துக்கு நடுவில் போய் நின்றேன்.

"நேத்து எல்லார் முன்னாடியும் கத்தினேன். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். எடை சரி. அத்தான் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தாள்ல ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க அத்தான்."

லேபிள் ஒட்டும் பெண் கையில் இருந்த சுருளோடு எழுந்து நின்றாள். "லேப் அக்கா, இதுக்கு இன்னைக்குத் தேதி போட்டு ஒட்டிடவா? நாளைக்குக் கேட்டா இல்லன்னுடுவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் சரி. கலன்ல வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

வியாழக்கிழமை கடைசி மெழுகை எடுத்தோம். அத்தான் மூன்று முறை எடை போட்டார். எழுபத்தைந்து டிகிரியில் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தன. கலன் பெரிது என்பதால் மத்து ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு நிறுத்தி, துடுப்பை மட்டும் மெதுவாகச் சுற்றவிட்டு, குளிர்ந்த தண்ணீர்க் குழாயை இறுக மூடினோம். கலன் தானாக ஆற நாற்பது நிமிடம் போதாது, மத்தியானம் முழுக்க ஆகும். ஆனால் முதல் நாற்பது நிமிடம்தான் கண்டம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கண்டம் கிரீமுக்கு இல்லை, அத்தானுக்கு.

கலனின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே தண்ணீர்ப்பால் மாதிரி தளதளவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடம் கெட்டிக் கிரீம் பார்த்த மனிதர். அவர் கை தானாக மத்தின் பொத்தான் பக்கம் போனது. நான் தட்டிவிட்டேன். திரும்பவும் போனது.

"ஒரே ஒரு நிமிஷம்மா. லேசா ஒரு சுத்து. பாக்கவே பயமா இருக்கு."

"தொடக் கூடாது அத்தான்."

"இது என்ன தொட்டாச்சிணுங்கியா?"

"ஆமா, தொட்டாச்சிணுங்கிதான். வெளிய போங்க. சாப்பிடுங்க."

"நான் சும்மா நிக்கிறேனே. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அப்போதுதான் அக்கா வந்தாள். என்னையும் பார்த்தாள், அவர் கையையும் பார்த்தாள். மத்தின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்கி, அந்தக் கம்பியைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "வாங்க" என்று நடந்தாள். அவர் கலனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

பேக்கிங் மேசையின் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா டப்பாவைத் திறந்தபோது ஆவி வந்தது. அவள் ஒரு கணம் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பது வருஷமா நானும் சொல்றேன், நேரத்துக்குச் சாப்பிடுங்கன்னு. கேக்கல. ஒரு கிரீம் சொன்னா உடனே கேக்குறீங்க" என்றாள். திட்டுகிற குரலில்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அத்தான் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். "சூடா இருக்கு" என்றார், புதிதாக எதையோ கண்டுபிடித்தவர் போல.

நாற்பது நிமிடம் கழித்து ஓடி வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். துடுப்பு போன வழியெல்லாம் மெல்லிய மடிப்பு விழுந்திருந்தது. நான்கு மணிக்குக் கிரீம் பளபளப்பாக, கரண்டியைச் சாய்த்தால் விழாமல் நின்றது. ஆனால் முந்தைய இரண்டும்கூட முதல் நாள் நன்றாகத்தான் இருந்தன. குப்பியை நிரப்பிச் சூட்டுப் பெட்டியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு என் வேலையெல்லாம் அந்தப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும்தான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்றும் வந்தேன். எனக்கு முன்னால் அக்கா வந்து சாவியோடு நின்றுகொண்டிருந்தாள். நடைக்கு வந்தேன் என்றாள். நடப்பதென்றாலே காத தூரம் ஓடுகிறவள் அவள். மூன்றாவது நாள் குப்பியின் அடி வெள்ளையாகவே இருந்தது. நான்காவது நாளும். ஐந்தாவது நாள் நான் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, தட்டி, கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அதற்கு ஒரு முத்தம் கொடுத்தேன்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா வந்தார். ஆறு நாள் சூட்டில் இருந்த குப்பியையும் லேபிலிருந்த மூன்று மாதக் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு டியூபைத் திறந்து புறங்கையில் தடவி, கொஞ்ச நேரம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"முதல்ல என் பேஷன்ட்ஸ் இருபது பேருக்குக் குடுத்துப் பாக்குறேன். அவங்களுக்கு எரியலன்னா மாசாமாசம் அனுப்புங்க. பிரிஞ்சிடும்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

"நாங்களும்தான்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா பேட்ச் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. புதிதாகச் சேர்ந்த பதினோராவது வரி அக்காவின் கையெழுத்தில் இருந்தது. வாசனை பன்னிரண்டாவதற்கு இறங்கியிருந்தது.

"மத்தை நிறுத்தவும். துடுப்பு மட்டும். கலனைப் பார்த்துக்கொள்பவர் போய்ச் சாப்பிட வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு முன் திரும்பக் கூடாது." சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது நிஜமாவா?"

"இருக்கிறதுலயே முக்கியமான வரி அதுதான் டாக்டர்" என்றேன்.

"அப்ப அவரை நான் பாக்கணுமே. எங்க இருக்கார்?"

கூடத்தின் கோடியில் கலன் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஓடியது பழைய கிரீம், எருமைத்தோல்காரன். அதை யாரும் விட்டுவிட்டுப் போகவேண்டிய அவசியம் இல்லை. அத்தான் பத்தொன்பது வருடமாக நின்று நின்று பார்த்துக்கொண்டது அதைத்தான். கலனுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் இடம் காலியாக இருந்தது. லேபிள் ஒட்டும் பெண் என் வாசலிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

அக்கா அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து, மகன் பரிசு வாங்கிய செய்தியைச் சொல்கிற அம்மா போலச் சொன்னாள்.

"சாப்பிடப் போயிருக்கார்."